வபாவின் நஞ்சைக் கண்டவர்: இஸ்னாதில் விடுபட்ட ஒரு பெயர்



ஒரு செய்தி நம்மிடம் வந்தால், அது யார் வழியாக வந்தது என்று கேட்பது நம் முன்னோரின் மரபு. ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒரே ஒரு வரிச் செய்திக்காகப் பல மாதங்கள் பயணம் செய்தார்கள். சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இடையில் எவர் பெயரேனும் விடுபட்டுள்ளதா என்று ஆராய்ந்தார்கள். அந்தச் சங்கிலிக்கு இஸ்னாத் என்று பெயர். அதில் ஒரு கண்ணி அறுந்திருந்தால், செய்தி எத்தனை அழகாக இருந்தாலும் அதன் தரம் குறைந்துவிடும். மதரஸாவில் முதல் ஆண்டு மாணவருக்கே நாம் இதைக் கற்பிக்கிறோம்.

நம் அன்றாட வாழ்வில் பயன்படும் பிற அறிவுகளுக்கு இவ்வளவு கவனம் செலுத்துகிறோமா? குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் காந்திபுரத்தில் எந்த மருந்துக் கடையிலும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்கிறது. தாய் அதைக் கொதித்து ஆறிய நீரில் கரைத்துக் கரண்டி கரண்டியாகப் புகட்டுகிறாள். பிள்ளை பிழைத்துக்கொள்கிறது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி அடுத்த வேலையைப் பார்க்கிறோம். அந்தப் பொட்டலத்துக்குப் பின்னாலும் ஓர் அறிவுச் சங்கிலி உண்டு. அதில் நெடுங்காலம் எவரும் உரக்கச் சொல்லாத ஒரு பெயர் இருக்கிறது. அவர் வங்காளத்தைச் சேர்ந்த மருத்துவர் சம்புநாத் தே. காலரா என்னும் கொடிய நோய் மனிதனை எப்படிக் கொல்கிறது என்பதை உலகுக்குக் காட்டியவர். அந்தப் பெயரை அதற்குரிய இடத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரைக் காலி செய்த நோய்

வாந்திபேதி, காலரா, வபா என்று நம் பாட்டன்மார் பல பெயர்களில் அஞ்சிய நோய் அது. கொள்ளைநோய்க் காலத்தின் அச்சம் கோவைக்குப் புதிதன்று. இந்நகரில் இன்றும் நிற்கும் பிளேக் மாரியம்மன் கோயில்கள், ஒரு காலத்தில் மக்கள் எத்தகைய பீதியில் வாழ்ந்தனர் என்பதற்குச் சாட்சி. பிளேக் வேறு, காலரா வேறு. ஆனால் காலையில் நலமாக இருந்தவரை மாலையில் அடக்கம் செய்யும் துயரம் இரண்டிலும் ஒன்றே.

1817ஆம் ஆண்டு வங்காளத்தில் வெடித்த காலரா, வணிகப் பாதைகளின் வழியாகவும் கப்பல்களின் வழியாகவும் உலகெங்கும் பரவியது. அதன் பின்னர் அந்த நூற்றாண்டில் அலை அலையாகத் திரும்பத் திரும்ப வந்தது. ஹஜ்ஜுப் பயணிகளையும் அது விட்டுவைக்கவில்லை. 1865ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது ஏறத்தாழ 15,000 ஹாஜிகள் காலராவால் உயிரிழந்ததாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். ஊர் திரும்பியோருடன் நோய் எகிப்துக்கும் அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் சென்றது. அடுத்த ஆண்டே, 1866இல், இஸ்தான்பூலில் உலக நாடுகள் கூடிக் காலராவைத் தடுப்பது பற்றி விவாதித்தன. பின்னர் செங்கடலில் உள்ள காமரான் தீவில் தனிமைப்படுத்தும் நிலையம் அமைக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து கப்பலேறிய ஹாஜிகள் அங்கே இறங்கிப் பல நாட்கள் காத்திருந்த பின்னரே ஜித்தா செல்ல முடிந்தது. அக்காலத்தில் ஹஜ்ஜுக்குப் புறப்படுபவர் உறவினர் அனைவரிடமும் மன்னிப்புக் கேட்டு விடைபெற்றதற்கு இத்தகைய நோய்களும் ஒரு காரணம்.

கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழைய வேண்டாம், அங்கே இருப்பவர் வெளியேறவும் வேண்டாம் என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். ஷாம் தேசத்துக்குப் புறப்பட்ட கலீஃபா உமர் (ரழி) அவர்கள், அங்கே கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டு ஸர்ஃக் என்னுமிடத்திலிருந்து திரும்பிய நிகழ்ச்சியை நாம் அறிவோம். தண்ணீர்ப் பாத்திரங்களை மூடி வைக்கவும், தேங்கிய நீரை அசுத்தம் செய்யாதிருக்கவும் நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு நோய்க்கும் மருந்து உண்டு என்ற நம்பிக்கையும் நமக்கு ஊட்டப்பட்டுள்ளது. மருந்து உண்டு என்று நம்புகிறவன் அதைத் தேடியாக வேண்டும். தேடுவதற்கு முதற்படி, நோய் எங்கே எப்படி வேலை செய்கிறது என்று அறிவது.

கிருமி கிடைத்தது, விடை கிடைக்கவில்லை

1854இல் இலண்டனில் ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர், காலரா குடிநீரின் வழியாகப் பரவுகிறது என்று தெருவாரியாகக் கணக்கெடுத்து நிறுவினார். அதே ஆண்டில் இத்தாலியில் பிலிப்போ பச்சீனி, நோயாளிகளின் குடலில் வளைந்த வடிவமுள்ள கிருமியை நுண்ணோக்கியில் கண்டார். முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1884இல், ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் கல்கத்தாவுக்கே வந்து அக்கிருமியைத் தனியே பிரித்தெடுத்து வளர்த்தார். கிருமி ஏதோ ஒரு நஞ்சைச் சுரக்க வேண்டும் என்ற ஐயத்தையும் அவர் அப்போதே வெளியிட்டார்.

அந்த நஞ்சைத்தான் எவராலும் காட்ட முடியவில்லை. கிருமிகளை விலங்குகளின் இரத்தத்தில் செலுத்திப் பார்த்தனர். வயிற்றறைக்குள் செலுத்திப் பார்த்தனர். விலங்குகள் செத்தன. ஆனால் மனிதனுக்கு வரும் காலரா அவற்றுக்கு வரவில்லை. செத்த கிருமிகளின் உடல் சிதைந்து வெளிப்படும் நஞ்சே காரணம் என்று கோக்கின் மாணவர் ரிச்சர்டு பைஃபர் கருதினார். அந்த நஞ்சு இரத்தத்தில் கலந்து உடலைத் தாக்குகிறது என்ற எண்ணம் வலுப்பெற்றது. குடலின் உட்படலம் உரிந்து அழிந்துவிடுகிறது என்றும் பலர் நம்பினர். பெரிய பெயர்கள் சொன்ன கருத்து என்பதால் அதை மறுபடி சோதிக்கத் துணிந்தவர் மிகக் குறைவு. இப்படியே எழுபது ஆண்டுகள் கடந்தன.

ஒரு வக்ஃபும் ஒரு கிராமத்துச் சிறுவனும்

சம்புநாத் 1915 பிப்ரவரி 1ஆம் தேதி, வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் காரிபாத்தி என்னும் சிற்றூரில் பிறந்தார். வசதியற்ற குடும்பம். பள்ளிப் படிப்பில் சிறந்து விளங்கியதால் மாவட்ட உதவித்தொகை கிடைத்தது. அதன் துணையுடன் அவர் சேர்ந்த கல்லூரி, இன்று ஹூக்ளி முஹ்சின் கல்லூரி என்று வழங்கும் நிறுவனம்.

இந்த முஹ்சின் யார் என்பதை நம் சமூகம் அறிய வேண்டும். ஹாஜி முஹம்மது முஹ்சின் 1732இல் ஹூக்ளியில் பிறந்தவர். பல நாடுகளில் பயணம் செய்தவர். திருமணம் செய்துகொள்ளாமல் எளிமையாக வாழ்ந்தவர். அவருடைய சகோதரி மன்னுஜான் காலமானபோது பெரும் சொத்து அவர் கைக்கு வந்தது. 1806இல் அதை அவர் வக்ஃபாக எழுதிவைத்தார். 1812இல் மறைந்தார். அதன் பின்னர் முத்தவல்லிகளின் நிர்வாகச் சீர்கேட்டால் வக்ஃபு அரசின் கைக்கு மாறியது. சேர்ந்திருந்த பணத்தைக் கொண்டு 1836இல் அந்தக் கல்லூரி தொடங்கப்பட்டது.

வரலாற்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரு முஸ்லிமின் வக்ஃபுப் பணத்தில் நடந்த அக்கல்லூரியில் முஸ்லிம் மாணவர்கள் மிகக் குறைவாகவே இருந்தனர். இது பற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மனக்குறை எழுந்தது. 1870களில் கல்லூரிச் செலவை அரசு ஏற்றுக்கொண்டது; முஹ்சின் நிதி முஸ்லிம்களின் கல்விக்குத் திருப்பப்பட்டது. எனவே 1930களில் சம்புநாத் படித்தபோது அவருடைய கட்டணத்தை வக்ஃபு செலுத்தியது என்று சொல்ல இயலாது. ஆயினும் அந்த மாவட்டத்தில் அப்படி ஒரு கல்லூரி எழுந்ததற்கு அடித்தளம் ஹாஜி முஹ்சினின் கொடை. அவர் மறைந்து நூறாண்டுகளுக்கு மேலான பின்னும், அவருக்குப் பெயர் தெரியாத, அவருடைய சமயத்தைச் சாராத, ஒரு ஏழைச் சிறுவன் அதன் வாசலில் நுழைந்தான். அவன் கற்ற கல்வியோ எல்லா நாட்டுக் குழந்தைகளுக்கும் பயன் தந்தது. ஸதகத்துல் ஜாரியா என்பது எங்கே எவ்வடிவில் பாயும் என்பதைக் கொடுப்பவர் அறிவதில்லை.

அங்கிருந்து சம்புநாத் கல்கத்தா மருத்துவக் கல்லூரிக்குச் சென்று 1939இல் பட்டம் பெற்றார். வெப்ப மண்டல மருத்துவத்தில் 1942இல் பட்டயம் பெற்றார். நோயியல் துறையில் ஆசிரியப் பணியில் சேர்ந்தார். 1947இல் இலண்டன் சென்று, ராய் கேமரன் என்னும் புகழ்பெற்ற நோயியல் அறிஞரிடம் ஆய்வு மாணவராகப் பயின்று, 1949இல் முனைவர் பட்டத்துடன் திரும்பினார். இலண்டனிலேயே தங்கியிருக்கலாம். ஆனால் காலரா வங்காளத்தில் இருந்தது. அவரும் அங்கேயே வந்தார்.

நூல் முடிச்சும் ஒரு முயலும்

நாடு திரும்பியவர் கல்கத்தாவின் நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் ஆய்வைத் தொடங்கினார். விலை உயர்ந்த கருவிகள் அங்கே இல்லை. அவரிடம் இருந்தது ஒரு நேரான கேள்வி. காலரா நோயாளியின் உடலில் நீர் வெளியேறுவது எங்கிருந்து? குடலிலிருந்து. கிருமி வாழ்வது எங்கே? குடலுக்குள். அப்படியானால் நாம் ஏன் இரத்தத்திலும் வயிற்றறையிலும் தேடிக்கொண்டிருக்கிறோம்? குடலுக்குள்ளேயே பார்த்தால் என்ன?

முயலுக்கு மயக்கம் கொடுத்து வயிற்றைத் திறந்தார். பூச்சரத்தில் இடைவெளி விட்டு முடிச்சிடுவது போல, சிறுகுடலின் ஒரு சிறு துண்டு தனி அறையாகும்படி இரு முனைகளையும் நூலால் கட்டினார். இரத்த ஓட்டம் தடைப்படாமல் பார்த்துக்கொண்டார். அந்த அறைக்குள் காலராக் கிருமி வளர்ந்த நீரைச் செலுத்தினார். பக்கத்து அறையில் கிருமியில்லாத நீரைச் செலுத்தினார். வயிற்றைத் தைத்து மூடிவிட்டு ஒரு நாள் காத்திருந்தார்.

மறுநாள் திறந்தபோது, கிருமியில்லாத அறை தட்டையாகவே இருந்தது. கிருமி இருந்த அறையோ நீரால் நிரம்பி உப்பியிருந்தது. அந்த நீர், காலரா நோயாளியிடமிருந்து வெளியேறும் அரிசி கழுவிய நீர் போன்றதே. ஒரே விலங்கின் உடலில், ஒரே வேளையில், நோயும் நோயின்மையும் அருகருகே நின்றன. எழுபது ஆண்டுகளாகக் கிட்டாத சான்று நூல் முடிச்சில் கிட்டியது. 1953இல் சட்டர்ஜி என்னும் உடன் ஆய்வாளருடன் சேர்ந்து இதை அவர் வெளியிட்டார்.

1955இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் நோயியல் மற்றும் நுண்ணுயிரியல் துறைக்குத் தலைவரானார். 1956இல் இதே முறையைக் கொண்டு, நம் குடலில் சாதாரணமாக வாழும் ஈ.கோலை என்னும் கிருமியின் சில வகைகளும் இவ்வாறே வயிற்றுப்போக்கை உண்டாக்கக் கூடும் என்று காட்டினார். பல நாடுகளில் குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு அக்கிருமியும் ஒரு முக்கியக் காரணம் என்பது பின்னாளில் உறுதியானது.

எஞ்சியிருந்தது ஒரு கேள்வி. நீரை வரவழைப்பது கிருமியின் உடலா, அல்லது அது சுரக்கும் ஒரு பொருளா? கிருமியை நீர்ம ஊடகத்தில் வளர்த்து, பின்னர் அந்த நீரை மிக நுண்ணிய வடிகட்டியில் வடித்தார். ஒரு கிருமியும் இல்லாத தெளிந்த நீர் கிடைத்தது. அதைக் குடல் அறைக்குள் செலுத்தினார். அறை முன்போலவே உப்பியது. கிருமியே இல்லை, ஆனால் நோயின் விளைவு இருக்கிறது. அப்படியானால் கிருமி உயிரோடிருக்கும்போதே ஒரு நஞ்சைச் சுரந்து வெளியே விடுகிறது. 1959 மே 30ஆம் தேதி ‘நேச்சர்’ இதழில் வெளியான இரண்டு பக்கக் கட்டுரை அதை உலகுக்குச் சொன்னது. கோக்கின் ஐயத்துக்கு 75 ஆண்டுகளுக்குப் பின், கோக் கிருமியைப் பிரித்தெடுத்த அதே கல்கத்தா நகரில் விடை கிடைத்தது.

இஸ்னாதைப் பேசும் நாம் இன்னொரு பெயரையும் விட்டுவிடக் கூடாது. அதே 1959இல் பம்பாயின் ஹாஃப்கின் நிறுவனத்தில் என்.கே. தத்தாவும் அவருடைய தோழர்களும், பால்குடி மாறாத முயல் குட்டிகளில் தனியே சோதனை செய்து, காலரா நஞ்சு பற்றி இதே திசையில் ஒரு முடிவை எட்டினார்கள்.

நஞ்சின் வேலையும் உப்பு சர்க்கரை நீரும்

1969இல் அமெரிக்காவில் ஃபிங்கல்ஸ்டைனும் லோஸ்பல்லுட்டோவும் அந்த நஞ்சைத் தூய வடிவில் பிரித்தெடுத்தனர். அதன் அமைப்பு வியப்பானது. ஐந்து சிறு பகுதிகள் வளையமாக நிற்கின்றன. நடுவில் ஒரு பகுதி அமர்ந்திருக்கிறது. வளையம் குடல் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஒரு கொழுப்புப் பொருளைப் பற்றிக்கொள்கிறது. நடுப்பகுதி உள்ளே நுழைந்து, செல்லின் ஒரு விசையை அணையாதபடி அழுத்திப் பிடிக்கிறது. உடனே உப்பு குடலுக்குள் கொட்டுகிறது. உப்பைத் தொடர்ந்து நீரும் கொட்டுகிறது. கடும் நோயாளி ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் நீரைக்கூட இழக்கலாம். மருந்து கிடைக்காவிட்டால் சில மணி நேரத்தில் உயிர் போகும்.

இங்கேதான் அல்லாஹ்வின் அருள் ஒன்று மறைந்திருந்தது. குடலின் உட்படலம் அழியவில்லை. திறந்துவிடப்பட்ட குழாய் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, வீடு இடியவில்லை. இழந்த நீரைத் திரும்ப உள்ளிழுக்கும் வேறொரு வாசல் அந்தப் படலத்தில் நல்ல நிலையில் இருக்கிறது. சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால்தான் அந்த வாசல் திறக்கும். 1960இல் ராபர்ட் கிரேன் என்னும் அறிஞர் இந்த இணைப்பை விளக்கினார். 1968இல் கிழக்கு வங்காளத்தில், இன்றைய வங்கதேசத்தில், டேவிட் நலினும் ரிச்சர்டு கேஷும், ரஃபீகுல் இஸ்லாம் போன்ற அவ்வூர் மருத்துவர்களும் காலரா நோயாளிகளுக்கு வாய்வழிக் கரைசலைக் கொடுத்து வெற்றி கண்டனர். 1971இல் வங்கதேசப் போரின்போது, எல்லையோரம் பன்கான் ஊரில் அகதிகளிடையே காலரா பரவியது. ஊசிவழி ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில், திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாளி வாளியாகக் கரைத்து, நோயாளியின் உறவினர்களையே புகட்டச் செய்தார். சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது.

குடல் அழிந்துவிடுகிறது என்ற பழைய நம்பிக்கையில் உலகம் நின்றிருந்தால், அழிந்த குடலுக்கு வாய்வழியே நீர் கொடுக்க எவர் துணிவார்? நஞ்சு குடலுக்குள் நின்று நீரை வரவழைக்கிறது என்ற சம்புநாத்தின் சான்று, சிந்தனையின் திசையையே மாற்றியது. உப்பு சர்க்கரைக் கரைசலைக் கண்டுபிடித்தவர் அவர் அல்லர். ஆனால் அந்தச் சங்கிலியில் அவருடைய கண்ணி இல்லாமல் கதை முழுமையாகாது.

அந்த நஞ்சு இன்று நோய் எதிர்ப்பியல் அறிஞர்களுக்கு ஒரு கருவியாகவும் ஆகிவிட்டது. நஞ்சின் வளையப் பகுதி மட்டும் தனியே தீங்கற்றது. அதைச் சேர்த்தே சுவீடனில் வாய்வழிக் காலராத் தடுப்பு மருந்து ஒன்று உருவானது. உடலின் எதிர்ப்பு ஆற்றலைத் தூண்டுவது எப்படி, அடக்குவது எப்படி என்று கண்டறியும் சோதனைகளிலும் அதைப் பயன்படுத்துகின்றனர். கொல்ல வந்த பொருளிலிருந்தே காக்கும் பொருள் பிறந்தது.

சென்னையில் தோன்றிய புதுச் சட்டை

இது தொலைவிலுள்ள வங்காளத்தின் கதை மட்டும் என்று எண்ண வேண்டாம். 1992இன் பிற்பகுதியில் நம் சென்னையில் ஒரு புதிய வகைக் காலராக் கிருமி கண்டறியப்பட்டது. ஓ139 என்று பின்னர் பெயர் பெற்ற அது, தமிழகத்தின் பிற ஊர்களுக்கும், வங்காளத்துக்கும், வங்கதேசத்துக்கும் விரைந்து பரவியது. பழைய காலராவைக் கண்டு தேறிய பெரியவர்களையும் அது வீழ்த்தியது. காரணம், கிருமி தன் வெளிப்போர்வையை மாற்றிக்கொண்டிருந்தது. சட்டை மாற்றி வந்த திருடனைக் காவலர் அடையாளம் காணாதது போல, உடலின் எதிர்ப்பு ஆற்றல் அதை அறியவில்லை. ஆனால் அதன் கையிலிருந்த ஆயுதம் மாறவில்லை. சம்புநாத் கண்ட அதே நஞ்சுதான். ஆகவே அதே உப்பு சர்க்கரை நீர் அதற்கும் மருந்தானது. நோய் எப்படிக் கொல்கிறது என்ற அடிப்படை அறிவு, நாளை வரப்போகும் புதுக் கிருமிக்கும் பயன்படும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பெயர் விடுபட்டது எப்படி?

1959க்குப் பின் உலகின் பெரிய ஆய்வுக்கூடங்கள் காலரா நஞ்சின் மீது பாய்ந்தன. நிதியும் கருவியும் ஆட்களும் அங்கே இருந்தன. சம்புநாத்தும் நஞ்சைத் தூய்மைப்படுத்த முயன்றார். அதற்கான வசதி அவருக்குக் கிட்டவில்லை. அவருடைய கட்டுரையின் மீது எழுந்த கட்டடம் உயர உயர, அடித்தளம் இட்டவரின் பெயர் மண்ணுக்குள் மறைந்தது. 1973இல் அவர் ஓய்வு பெற்றார். நம் நாட்டின் அறிவியல் கழகங்கள் எதுவும் அவரைத் தம் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. பெரிய விருது எதுவும் வாழ்நாளில் அவருக்கு வழங்கப்படவில்லை.

மறக்காதவர்களும் இருந்தார்கள். நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க், அப்பரிசுக்குச் சம்புநாத்தின் பெயரை ஒன்றுக்கு மேற்பட்ட முறை முன்மொழிந்தார், பரிசு கிடைக்கவில்லை. 1978இல் நோபல் அறக்கட்டளை காலரா பற்றி நடத்திய கருத்தரங்குக்கு அவர் அழைக்கப்பட்டார். அறுபதுகளின் தொடக்கத்திலிருந்தே தாம் இறந்துபோனவராகத்தான் இருந்ததாகவும், இக்குழுவினரே தம்மைக் கல்லறையிலிருந்து தோண்டி எடுத்ததாகவும் அங்கே அவர் சொன்னார். புன்னகையோடு சொல்லியிருக்கலாம். கேட்கும் நமக்கு அது வலிக்கிறது. 1985 ஏப்ரல் 15ஆம் தேதி அவர் காலமானார்.

அடுத்த ஆண்டு அமெரிக்க அறிஞர் யூஜின் கார்ஃபீல்டு அவரைப் பற்றி விரிவாக எழுதினார். எந்த ஆய்வுக் கட்டுரையை எந்தக் கட்டுரை மேற்கோள் காட்டுகிறது என்று அட்டவணையிடும் முறையை வகுத்தவர் இந்தக் கார்ஃபீல்டு. அறிவின் கிளைகளைப் பின்தொடர்ந்து வேர் வரை செல்வது அவர் வேலை. காலரா ஆய்வின் கிளைகளைப் பற்றிக்கொண்டு பின்னோக்கி நடந்தபோது, அவர் சென்று சேர்ந்த இடம் கல்கத்தாவின் சம்புநாத். நம் முஹத்திஸ்கள் செய்த வேலையின் சாயலை இதில் காண்கிறோம். 1990இல் பெங்களூரிலிருந்து வரும் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழ் அவருக்காக ஒரு சிறப்பிதழையே வெளியிட்டது. ஐந்தாண்டுகள் தாமதமாக.

நம் இல்லங்களுக்கு

காந்திபுரத்தில் நீட் பயிற்சி மையங்களின் பலகைகளைக் காணாமல் நடக்க முடியாது. தம் பிள்ளை மருத்துவராக வேண்டும் என்று ஆசைப்படாத பெற்றோர் அரிது. அந்த ஆசை நல்லதே. ஆனால் ‘டாக்டர்’ என்ற பட்டத்துக்குப் பின்னால் பிள்ளை எதைத் தேட வேண்டும் என்று நாம் சொல்லித் தருகிறோமா? எந்தத் துறைக்கு வருமானம் அதிகம் என்று கேட்கும் நாம், எந்தக் கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை என்று எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? பயனளிக்கும் கல்வியை வேண்டி நாம் துஆச் செய்கிறோம். அந்தத் துஆவின் பொருள் மதிப்பெண் பட்டியலோடு முடிவதன்று.

சம்புநாத்தின் வாழ்வில் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல மூன்று செய்திகள் உண்டு. பெரியவர்கள் தேடிய இடத்தில் பொருள் கிடைக்காவிட்டால், அது உண்மையில் எங்கே இருக்க வேண்டும் என்று அடக்கத்தோடு மறுபடி கேட்க வேண்டும். கருவி குறைவென்று கையைக் கட்டிக்கொள்ளாமல், கையில் உள்ள நூலைக் கொண்டும் ஒரு முடிச்சிட்டுப் பார்க்க வேண்டும். புகழ் வராவிட்டாலும் வேலை வீணாவதில்லை என்று நம்ப வேண்டும். அவர் பெயரை அறியாத கோடிக்கணக்கான தாய்மார்களின் கைகளில் அவருடைய அறிவின் பயன் இருக்கிறது.

பெரியவர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் இறைவனுக்கும் நன்றி செலுத்தியவராகார் என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட பாடம். நன்றியைச் சமயம் பார்த்துப் பங்கிடுவது நீதியன்று. ஹாஜி முஹ்சின் தம் சொத்தை வக்ஃபாக்கியபோது, அதன் பயனை வருங்காலத்தில் யார் பெறுவார் என்று அவருக்குத் தெரியாது. அவருடைய கொடையைப் பெருமையோடு நினைவுகூரும் நாம், அக்கல்லூரியில் படித்து உலகுக்குப் பயன் தந்த சம்புநாத்தையும் அதே மூச்சில் நினைவுகூர வேண்டும். ஒருவர் பெயரை மட்டும் சொல்லி மற்றவர் பெயரை விழுங்கினால், இஸ்னாதில் நாமே ஒரு கண்ணியை அறுத்தவர்களாவோம்.

காலரா இன்னும் ஒழியவில்லை. உலகில் ஆண்டுதோறும் 13 இலட்சம் முதல் 40 இலட்சம் பேர் வரை அதற்கு ஆளாவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. சிறுவாணி நீரும் பில்லூர் நீரும் குழாயில் வரும் நமக்கு அந்த அச்சம் மறந்துபோயிருக்கலாம். ஆயினும் மழைக்காலத்தில் குடிநீரைக் கொதிக்க வைப்பதையும், குடத்தை மூடி வைப்பதையும், உணவுக்கு முன் கைகழுவுவதையும் கைவிடலாகாது. வயிற்றுப்போக்கு கண்டால் முதல் வேளையிலேயே ஓ.ஆர்.எஸ். கரைசலைத் தொடங்க வேண்டும். பொட்டலம் இல்லையெனில், ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், கரண்டிகளை மட்டமாக அளந்து கரைத்துப் புகட்டலாம். உப்பு மிகுந்தால் தீங்கு என்பதால் அளவு முக்கியம். கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, குழந்தை சோர்ந்து துவண்டாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

அடுத்த முறை அந்தப் பொட்டலத்தைக் கிழிக்கும்போது, பக்கத்தில் நிற்கும் மூத்த பிள்ளையிடம் ஒரு வரி சொல்லுங்கள்: இந்த அறிவு நம்மிடம் வந்து சேர்ந்த வழியில் சம்புநாத் என்றொருவர் இருந்தார், ஹூக்ளியில் ஹாஜி முஹ்சினின் பெயர் தாங்கிய கல்லூரியில் படித்தவர் என்று.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனளிக்கும் கல்வியைத் தருவாயாக. பிறர் செய்த நன்மையை மறைக்காத நாவையும், உரியவருக்கு உரியதைக் கொடுக்கும் நெஞ்சையும் எங்களுக்கு அருள்வாயாக. நோயுற்ற குழந்தைகள் அனைவருக்கும் ஷிஃபா வழங்குவாயாக. ஆமீன்.